திறன்பேசிச் சந்தையில் தமிழ்: போட்டி தந்ததும் நாம் தரவேண்டியதும்



திறன்பேசித் தொழில்நுட்பமும் அதன் சந்தைப் போட்டியும் என்பது இன்று எனக்குத் தரப்பட்டுள்ள பொருள். பொருளியலாளர் இதனை விலையின் பக்கம் நின்று பேசுவார். பொறியாளர் சில்லின் பக்கம் நின்று பேசுவார். மொழியியல் பயின்ற நான் கேட்க விரும்பும் கேள்வி வேறு. கடந்த இருபது ஆண்டுகளில் உலகம் கண்ட மிகக் கடுமையான வணிகப் போட்டிகளுள் ஒன்று இந்தக் கையகலக் கருவியைச் சுற்றி நடந்தது. அப்போட்டியில் தமிழுக்குக் கிடைத்தது என்ன? அது யாரால் கிடைத்தது? இனியும் கிடைக்கும் என்று நாம் நம்பியிருக்கலாமா?

விடையைச் சுருக்கமாக முன்னரே சொல்லிவிடுகிறேன். ஒரு மொழி திறன்பேசிக்குள் மூன்று படிகளில் நுழைகிறது. முதலாவது, அம்மொழி திரையில் பிழையின்றித் தெரிதல். இரண்டாவது, அதனைத் தடையின்றி எழுத முடிதல். மூன்றாவது, கருவி அம்மொழியைப் புரிந்துகொண்டு நமக்குத் துணைபுரிதல். முதற்படியைத் தமிழுக்குத் தந்தது ஒத்துழைப்பு. இரண்டாம் படியைத் தந்தவை தனிமனித முயற்சியும் அதன்பின் வந்த போட்டியும். மூன்றாம் படி நம் கையில் இருக்கிறது. இம்மூன்றையும் ஒவ்வொன்றாக விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

பெயர்களின் போட்டி

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். இக்கருவிக்குத் தமிழில் செல்பேசி, கைப்பேசி, அலைபேசி, கைத்தொலைபேசி எனப் பல பெயர்கள் எழுந்தன. சிங்கப்பூரில் கைத்தொலைபேசி நெடுங்காலம் வழங்கியது. பின்னர்த் திறன்பேசி என்னும் சொல் இங்கும் மலேசியாவிலும் நன்கு வேரூன்றியது. பல பெயர்கள் இருப்பதைச் சிலர் குழப்பம் என்பர். மக்கள் ஒரு பொருளைத் தம் மொழியில் அழைக்க விரும்புவதன் அடையாளம் அது என்று நான் கருதுகிறேன். எவரும் பேச விரும்பாத பொருளுக்கு ஒரு பெயர்கூட வராது.

கருவிக்குள்ளும் இதே வளர்ச்சியைக் காணலாம். பகிர் என்பது பழைய வினைச்சொல். இன்று ஒரு படத்தைப் பலருக்கு அனுப்புவதைக் குறிக்கும் புதுப்பொருளையும் அது ஏற்றுள்ளது. பதிவிறக்கு, பதிவேற்று, கடவுச்சொல், குறுஞ்செய்தி ஆகியவை வகுப்பறைக்கு வெளியேயும் புழங்குகின்றன. மலேசிய நண்பர்கள் வாட்ஸ்அப்பைப் புலனம் என்கின்றனர். செயலி என்னும் சொல்லோ, கணினியின் இயக்கச் சில்லுக்கும் நாம் நிறுவிக்கொள்ளும் மென்பொருளுக்கும் பொதுவாகிவிட்டதால், பின்னதைக் குறுஞ்செயலி என வேறுபடுத்துவோரும் உளர். எந்தச் சொல் நிலைக்கும் என்பதைக் குழுக்கள் முன்மொழியலாம். முடிவு செய்வது வழக்கே.

விசைகள் படமான கதை

இனிச் சந்தைக்கு வருவோம். 2007ஆம் ஆண்டு சனவரி 9ஆம் நாள் ஆப்பிள் நிறுவனம் ஐபோனை அறிவித்தது. அவ்வாண்டு சூன் இறுதியில் அது விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் கூகுளின் ஆண்ட்ராய்டு இயங்குதளத்தைக் கொண்ட முதல் திறன்பேசி கடைக்கு வந்தது. அப்போது உலகக் கைப்பேசிச் சந்தையின் தலைமை பின்லாந்தின் நோக்கியாவிடம் இருந்தது. அலுவலக மின்னஞ்சலுக்குக் கனடாவின் பிளாக்பெர்ரி பெயர்பெற்றிருந்தது. ஏழே ஆண்டுகளில் அந்த ஆட்சி முடிவுற்றது. நோக்கியா தன் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்றது. அவ்விற்பனை 2014 ஏப்ரலில் நிறைவேறியது. சென்னைக்கு அருகே திருப்பெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய அந்நிறுவனத்தின் பெரிய ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது.

இவ்வரலாற்றை விலைப்போராகப் பலர் எழுதியுள்ளனர். மொழிக்கு அதில் ஒரு தனிப்பயன் விளைந்தது. அதனைப் போதிய அளவு நாம் கவனிக்கவில்லை. பழைய கைப்பேசியில் பன்னிரண்டு விசைகள் இருந்தன. அவற்றின்மேல் ரோமன் எழுத்துகள் ஆலையிலேயே அச்சிடப்பட்டன. வேறொரு மொழியின் எழுத்து வேண்டுமாயின் வேறோர் அச்சு வேண்டும். அதற்குத் தனிச் செலவு, தனி இருப்பு, தனிக் கணக்கு. தொடுதிரை வந்தபோது விசை ஒரு படமாயிற்று. படத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஒரே கருவி காலையில் ஆங்கில விசைகளையும் மாலையில் தமிழ் விசைகளையும் காட்டலாம். தமிழை மனத்தில் வைத்து எவரும் தொடுதிரையைச் செய்யவில்லை. ஆயினும் தமிழ் போன்ற மொழிகளுக்கு அதைவிடப் பெரிய கொடை இக்கருவியில் வேறொன்றும் இல்லை.

முதற்படி: தெரிதல்

விசை படமானால் மட்டும் போதாது. எழுத்துத் திரையில் சரியாகத் தெரியவேண்டும். 1990களில் தமிழ்க் கணிமையின் நிலையை இங்குள்ள மூத்தோர் அறிவர். ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு குறியேற்றம் இருந்தது. ஒருவர் எழுதியதை மற்றவர் அதே எழுத்துரு இன்றிப் படிக்க இயலாது. அந்தச் சிக்கலைத் தீர்க்கும் முயற்சியில் சிங்கப்பூருக்குச் சிறப்பான இடம் உண்டு. எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி அவர்கள் இணையத்தில் தமிழைக் கொண்டுவர உழைத்த முன்னோடி. 1997இல் தமிழ் இணைய மாநாடு இங்கே கூடியது. 1999இல் சென்னையிலும் 2000இல் மீண்டும் சிங்கப்பூரிலும் மாநாடுகள் நடந்தன. உத்தமம் எனப்படும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் அக்காலத்தில் உருவானதே.

இறுதியில் நிலைத்தது ஒருங்குறி. 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் தரப்பட்டிருந்தது. அந்த அமைப்பில் நம் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் இல்லை. கொ என்னும் எழுத்தைப் பாருங்கள். ஒலி முறைப்படி ககர மெய் முன்னும் ஒகரம் பின்னும் வருகின்றன. ஒருங்குறியும் அம்முறையிலேயே சேமிக்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியும் வடிவில் கொம்பு முன்னே நிற்கிறது, கால் பின்னே நிற்கிறது. சேமித்த வரிசையைக் காணும் வரிசையாக மாற்றக் கருவிக்குள் ஒரு மென்பொருள் வேண்டும். அது இல்லாத தொடக்கக்காலத் திறன்பேசிகளில் தமிழ் கட்டங்கட்டமாகத் தெரிந்தது. அல்லது கொம்பு இடம்மாறித் தனியே நின்றது.

இக்குறையைப் பெரிதும் நீக்கியவை எவை என்று பார்த்தால் வியப்பு ஏற்படும். எழுத்துகளை ஒழுங்குபடுத்தும் ஹார்ஃப்பஸ் என்னும் மென்பொருள் எவரும் எடுத்துப் பயன்படுத்தத்தக்க திறந்த மூலமாக வெளியிடப்பட்டது. வெற்றுக் கட்டங்களே திரையில் தெரியக்கூடாது என்னும் நோக்கில் கூகுள் உருவாக்கிய நோட்டோ எழுத்துருக் குடும்பமும் கட்டணமின்றி வழங்கப்பட்டது. ஒருங்குறியோ ஒன்றோடொன்று மோதும் நிறுவனங்களே ஒரு மேசையில் அமர்ந்து பேணும் தரம். ஆகவே தமிழ் திரையில் தெரிவதற்குக் காரணம், போட்டியாளர்கள் தமக்குள் போட்டியிடாமல் விட்டுவைத்த பொது நிலமே. சாலை பொதுவாக இருந்தால்தான் வண்டிகள் போட்டியிட முடியும்.

இரண்டாம் படி: எழுதுதல்

எழுதுவதில் தமிழ் தொடக்கத்தில் ஒரு பொருள் இழப்பையும் சந்தித்தது. குறுஞ்செய்தியின் அளவு 140 பைட்டு. அதில் ரோமன் எழுத்துகள் 160 அடங்கும். ஒருங்குறித் தமிழில் எழுதினால் 70 குறிகளே அடங்கும். வணக்கம் என்பதில் நமக்குத் தெரிவன ஐந்தெழுத்து. புள்ளிகளையும் சேர்த்து அது ஏழு குறிகளைப் பிடிக்கும். எழுபதைத் தாண்டினால் செய்தி இரண்டாகும். செய்திக்கு இவ்வளவு எனக் கட்டணம் செலுத்திய காலத்தில் தமிழில் எழுதியவர் கூடுதலாகச் செலுத்தினார். ரோமன் எழுத்தில் தமிழை எழுதும் பழக்கம் வலுப்பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. கட்டண முறை மாறிவிட்டது. பழக்கம் மாறவில்லை.

அந்தச் சூழலில்தான் 2005ஆம் ஆண்டுப் பொங்கலின்போது சிங்கப்பூரில் செல்லினம் அறிமுகமானது. 1980களிலிருந்து முரசு மென்பொருளை வளர்த்துவந்த மலேசியரான முத்து நெடுமாறன் அவர்களின் ஆக்கம் அது. வல்லினம், மெல்லினம், இடையினம் என மூவினம் அறிந்த நமக்கு நான்காம் இனமாக அப்பெயர் வந்தது. ஐபோன் வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, பன்னிரண்டு விசைக் கைப்பேசியில் தமிழில் செய்தி அனுப்ப முடிந்தது என்பதை நம் மாணவர்கள் அறியவேண்டும். பெருநிறுவனங்கள் தமிழைத் தேடி வரவில்லை. தமிழர் ஒருவர் வழியை அமைத்துக் காட்டினார். பின்னரே நிறுவனங்கள் வந்தன. 2013இல் ஆப்பிள் தன் ஐஓஎஸ் 7 பதிப்பில் தமிழ்99, அஞ்சல் ஆகிய விசைமுகங்களைக் கருவியோடு சேர்த்தே தந்தது. ஒருவர் தந்ததை மற்றவரும் தரவேண்டிய நிலை பிறந்தது. போட்டியின் நற்பயன் இது.

தமிழில் தட்டச்சு செய்வது கடினம், மெதுவானது என்று இன்றும் சொல்லப்படுகிறது. எண்ணிப் பார்ப்போம். வணக்கம் என்பதை ரோமன் எழுத்தில் எழுத எட்டு விசைகளைத் தட்டவேண்டும். தமிழ்99 முறையில் வ, ண, க, க, ம, புள்ளி என ஆறே. தங்கம் என்பதற்கு ரோமனில் ஏழு. தமிழ்99இல் த, ங, க, ம, புள்ளி என ஐந்து. இச்சிக்கனம் எப்படி வந்தது? ஒரே மெய் இரட்டிக்கும்போது முதலெழுத்து தானே புள்ளி பெறுகிறது. மெல்லினத்தை அடுத்து அதன் இனமான வல்லினம் வந்தால் மெல்லினமும் தானே புள்ளி பெறுகிறது. ங-வுக்குப் பின் க, ஞ-வுக்குப் பின் ச, ண-வுக்குப் பின் ட, ந-வுக்குப் பின் த, ம-வுக்குப் பின் ப, ன-வுக்குப் பின் ற. இவை நம் இலக்கணிகள் இனவெழுத்துகள் என்று வகுத்தவையே. மெய்ம்மயக்கம் பற்றி அவர்கள் கண்ட உண்மை விரல்நுனியின் உழைப்பைக் குறைக்கிறது. இலக்கணம் பயன்படாத சுமை என்று கருதும் மாணவருக்கு நான் இதைவிட நல்ல எடுத்துக்காட்டைக் காட்ட முடியாது.

போட்டி தராதவை

இவ்வளவு தந்த போட்டி எல்லாவற்றையும் தருமா? தராது என்பதற்கு இரு சான்றுகளைக் காட்டுவேன்.

முதலாவது, 2014இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஃபயர்பாக்ஸ் இயங்குதளம். மோசில்லா அறக்கட்டளையின் நிறுவனம் உருவாக்கிய இத்தளத்தைக் கொண்ட மலிவு விலைத் திறன்பேசியை இண்டெக்ஸ் நிறுவனம் வெளியிட்டது. இந்தி, தமிழ் ஆகிய இரு மொழிகளுக்கான வசதி அதன் சிறப்பாக முன்வைக்கப்பட்டது. ஓராண்டு சென்றபின், 2015 இறுதியில், திறன்பேசிகளுக்கான அம்முயற்சியை மோசில்லா கைவிட்டது. பிளாக்பெர்ரியும் விண்டோஸும் அதே வழியில் மறைந்தன. இன்று உலகில் பெரும்பாலோர் கையில் இருப்பவை இரண்டே இயங்குதளங்கள். இதில் நன்மையும் உண்டு. ஆறு தளங்கள் இருந்தபோது தமிழுக்கான வேலையை ஆறு முறை செய்யவேண்டியிருந்தது. இப்போது இரண்டு கதவுகளைத் தட்டினால் போதும். ஆனால் அவ்விரண்டும் திறவாவிடில் மூன்றாவது கதவு இல்லை. சிறிய மொழியினர் இவ்விரு உண்மைகளையும் சேர்த்தே நினைவில் கொள்ளவேண்டும்.

இரண்டாவது சான்று அரசாணை. இந்தியாவில் விற்கப்படும் கைப்பேசிகள் அந்நாட்டின் 22 அட்டவணை மொழிகளின் எழுத்துகளையும் காட்டவேண்டும், ஆங்கிலம், இந்தி ஆகியவற்றோடு மேலும் ஓர் இந்திய மொழியிலேனும் எழுத வழிசெய்யவேண்டும் என்று 2016இல் இந்திய நடுவண் அரசு ஆணையிட்டது. பேரளவு மக்கள்தொகை கொண்ட நாட்டிலேயே சந்தை தானாகச் செய்யும் என்று விட்டுவிட இயலவில்லை என்பதை இவ்வாணை காட்டுகிறது. அங்கே கிடைத்த பயன் கடல்கடந்து நம்மையும் வந்தடைந்தது. ஒரு மொழிக்காக ஒருமுறை செய்த மென்பொருள் எந்நாட்டிலும் இயங்குமல்லவா?

மூன்றாம் படி: புரிந்துகொள்ளல்

தெரிதலும் எழுதுதலும் பெரும்பாலும் நிறைவேறிவிட்டன. இன்றைய போட்டி மூன்றாம் படியில் நடக்கிறது. நாம் எழுதத் தொடங்கிய சொல்லை முடித்துத் தருதல், பேசியதை எழுத்தாக்குதல், எழுதியதைப் பேச்சாக்குதல், மொழிபெயர்த்தல், வினாவுக்கு விடையிறுத்தல் ஆகியவை இப்படியில் அடங்கும். இவை அனைத்தும் மொழித்தரவைக் கொண்டு கற்பிக்கப்படுபவை. மக்கள் எழுதியதும் பேசியதுமே அத்தரவு. ஆகவே இங்கே நிறுவனத்தின் திறமையோடு மக்களின் வழக்கமும் சமமாகத் தேவைப்படுகிறது.

தமிழுக்கு இதில் இரு தனிச் சிக்கல்கள் உள்ளன. ஒன்று இரட்டை வழக்கு. நாம் எழுதும் தமிழ் வேறு, பேசும் தமிழ் வேறு. செய்தித்தாள் நடையில் கற்ற கருவி, வீட்டில் நாம் பேசுவதைக் கேட்டுத் தடுமாறும். அதிலும் சிங்கப்பூர், மலேசியத் தமிழருக்கென ஒரு பேச்சு உண்டு. தேக்கா என்றும் பசார் என்றும் நாம் இயல்பாகச் சொல்வதைச் சென்னைப் பேச்சைக் கேட்டுப் பழகிய கருவி அறியாமல் போகலாம். நம் பேச்சு எங்கேனும் பதிவாகியிருந்தால்தான் அது கற்கும்.

மற்றொன்று ரோமன் எழுத்து வழக்கம். கே, ஏ, எல், ஏ, ஐ என்னும் ஐந்தெழுத்தை ஒருவர் செய்தியில் எழுதினால் அது கலையா, களையா, கழையா? நெடிலைக் குறிலாக எழுதும் பழக்கத்தால் காலையும் காளையும்கூட அதற்குள் அடங்கும். பேசும் இருவர் சூழலைக் கொண்டு பொருளை உணர்வர். அதில் தவறு நேர்வதும் அரிது. ஆயினும் ல, ள, ழ வேறுபாட்டை ஒரு நாளில் ஒருமுறைகூட எழுதிப் பார்க்காமல் வளரும் இளையர், அவ்வேறுபாட்டைத் தேர்வுத்தாளில் மட்டுமே சந்திக்கிறார். சித்திரமும் கைப்பழக்கம் என்று நம் முன்னோர் சொன்னதை இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

இதற்குமேல் ஒரு கணக்கு இருக்கிறது. சந்தை தனக்குத் தெரிவதை மட்டுமே எண்ணும். திறன்பேசியின் மொழியை ஆங்கிலமாக வைத்துக்கொண்டு, ஆங்கில விசைகளால் தமிழை எழுதும் ஒருவர், நிறுவனத்தின் கணக்கில் ஆங்கிலப் பயனராகவே தோன்றுவார். அவர் வீட்டில் நாள்தோறும் தமிழ் பேசலாம். தமிழ் நூல்கள் நிறைந்த அலமாரி வைத்திருக்கலாம். அவரது தமிழ் அந்தக் கணக்கில் ஏறாது. அடுத்த புதுமையை எந்த மொழிக்கு முதலில் தருவது என்று முடிவெடுப்போர் முன்னே வைக்கப்படும் அட்டவணையில் நம் எண்ணிக்கை, இருப்பதைவிடச் சிறியதாகவே இருக்கும்.

நாம் ஏற்கெனவே சிறிய எண்ணிக்கையினர். சிங்கப்பூரின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று கூறியோர் 2010இல் 3.3 விழுக்காடு. 2020இல் 2.5 விழுக்காடு. தமிழ் இந்நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று. சட்டம் தந்த அந்தத் தகுதியைக் கருவி தானாக அறியாது. நாம் பயன்படுத்தினால்தான் அறியும்.

செய்யத்தக்கவை

நிறைவாக, நம்மால் இயலும் சிலவற்றை முன்வைக்கிறேன்.

முதலாவது, இங்குள்ள ஒவ்வொருவரும் தம் திறன்பேசியில் தமிழ் விசைமுகத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்99 புதிதாகத் தோன்றினால், ரோமன் எழுத்தில் தட்டினாலும் தமிழாக மாற்றித்தரும் விசைமுகங்கள் உள்ளன. நீங்கள் வழக்கம்போலவே தட்டலாம். திரையில் தமிழ் வரும். துணிவுள்ளோர் கருவியின் பட்டியல்களையே தமிழுக்கு மாற்றலாம். சில நாள்கள் தேடவேண்டியிருக்கும். பின்னர்ப் பழகிவிடும்.

இரண்டாவது, பெற்றோருக்கு. பிள்ளைகள் உங்களுக்கு அனுப்பும் செய்திக்கு ஆங்கிலத்தில் வந்தாலும் தமிழ் எழுத்தில் மறுமொழி அனுப்புங்கள். சாப்பிட்டாயா, எப்போது வருவாய் என்பன போதும். பிள்ளையின் பிழையை உடனே திருத்தாதீர்கள். எழுதும் விருப்பம் வளர்ந்தபின் திருத்தம் எளிது. பேச்சுத்தமிழில் எழுதினாலும் தமிழ் எழுத்தில் எழுதட்டும். எழுத்துத்தமிழைக் கற்பிக்கப் பள்ளி இருக்கிறது.

மூன்றாவது, ஆசிரியர்களுக்கு. கைப்பேசித் தட்டச்சைத் தனிப்பாடமாக்க வேண்டியதில்லை. இனவெழுத்தைக் கற்பிக்கும் நாளில் தமிழ்99 விசைமுகத்தை ஒருமுறை காட்டுங்கள். விதி எங்கே வேலை செய்கிறது என்பதை மாணவர் தாமே காண்பர்.

நான்காவது, அமைப்புகளுக்கு. சிங்கப்பூர், மலேசியத் தமிழ்ச் சொற்களையும் இடப்பெயர்களையும் பேச்சு மாதிரிகளையும், உரியவரின் இசைவோடு தொகுத்து, எவரும் பயன்படுத்தத்தக்க பொதுத்தரவாக வெளியிடவேண்டும். ஒரு நிறுவனத்துக்கு மட்டும் தந்தால் அது அந்நிறுவனத்தின் உடைமையாகும். பொதுவில் வைத்தால் போட்டியாளர் அனைவரும் எடுப்பர். ஒருவர் சந்தையை விட்டு விலகினாலும் தரவு அழியாது. ஒருங்குறியும் திறந்த எழுத்துருக்களும் நமக்குக் கற்பித்த பாடம் இது. ஃபயர்பாக்ஸ் தளத்தின் மறைவு கற்பித்த பாடமும் இதுவே.

அவையோரே, தமிழ் ஓலையிலும் கல்லிலும் செம்பிலும் எழுதப்பட்டது. அச்சுக்கு வந்தது. தட்டச்சுப்பொறிக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் புதிய கருவி தமிழுக்காகச் செய்யப்பட்டதன்று. தமிழர் அதனைத் தமிழுக்கு ஆக்கிக்கொண்டனர். ஓலையில் புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று புள்ளியில்லாமலே எழுதிய காலம் இருந்தது. இன்று அந்தப் புள்ளி, விசையைத் தொடாமலே தானாக வந்து அமர்கிறது. கருவி அவ்வளவு இணங்கி வந்துவிட்டது. இனி அதில் எழுதவேண்டியவர்கள் நாம்தாம்.